கொள்கலன் தொகுதிகளில் பொதி முறை

பெரியதொரு பயன்பாட்டு நிரலைப் பல கணிப்பொறிகளில் ஒரே சீராக நிறுவுவதும், காலத்துக்கேற்ப அதனைத் திருத்துவதும், திருத்தம் பிழையாக முடிந்தால் பழைய நிலைக்கு மீட்பதும் எளிய காரியங்களல்ல. இவற்றுக்குத் துணைபுரியும் சாதனம் பொதி நிர்வாகி எனப்படும். அவ்வகைச் சாதனங்களுள் பரவலாக உபயோகத்திலுள்ள ஹெல்ம் என்பதன் அமைப்பும், அதனால் இயல்வதும் இயலாததும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

இப்பொருள் நிபுணர்களுக்கு மட்டுமே உரியதன்று. பாடநூலில் அச்சிடப்பட்டுள்ள சதுரக் குறியீட்டைக் கைப்பேசியால் படித்துப் பாடக் காட்சிகளைப் பெறும் ஆசிரியர் பலர். அவர்களுக்குப் பயன்படும் தீக்ஷா என்னும் தேசியத் தளம் 2017 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பெற்றது. பெங்களூரிலுள்ள ஏக்ஸ்டெப் நிறுவனம் உருவாக்கிய சன்பேர்டு என்னும் திறந்த மூல நிரல் தொகுப்பே அதன் அடிப்படை. அத்தொகுப்பை நிறுவுவதற்கான கோப்புகள் ஹெல்ம் பொதிகளாகப் பொதுவில் வெளியிடப்பட்டுள்ளன.

கொள்கலனும் தொகுதியும்

ஒரு நிரல் இயங்குவதற்கு அந்நிரல் மட்டும் போதாது. அதற்குத் துணையான நூலகங்களும் வேண்டும். இவை யாவற்றையும் ஒன்றாக அடைத்து, எந்தக் கணிப்பொறியில் வைத்தாலும் ஒரே விதமாக இயங்கச் செய்வது கொள்கலன், அதாவது கன்டெய்னர் முறையாகும். 2013இல் டாக்கர் வெளிவந்தபின் இம்முறை விரைந்து பரவிற்று.

கொள்கலன்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது, எதனை எந்தக் கணிப்பொறியில் இயக்குவது, ஒன்று நின்றுபோனால் என்ன செய்வது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவற்றைக் கவனிப்பது குபர்நெட்டீஸ். கூகிள் நிறுவனம் 2014இல் இதனை அறிவித்தது. பல கணிப்பொறிகள் சேர்ந்த ஒரு தொகுதியை இது ஆள்கிறது. “இந்நிரலின் மூன்று பிரதிகள் எப்போதும் இயங்கவேண்டும்” என்று எழுதிக் கொடுத்தால், ஒன்று நின்றவுடன் வேறொன்றைத் தானே தொடங்கிவிடும். குபர்நெட்டீஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். ஹெல்ம் என்பது சுக்கான்.

பொதி என்பதன் கருத்து

குபர்நெட்டீஸுக்கு எழுதிக் கொடுக்கும் விவரக் கோப்புகள் ஒரு நிரலுக்கே பலவாகும். பிரதிகளின் எண்ணிக்கைக்கு ஒன்று, வெளியிலிருந்து அணுகும் வழிக்கு ஒன்று, கடவுச்சொற்களுக்கு ஒன்று என அவை பெருகும். அவற்றை ஊர்தோறும் கையால் திருத்தி எழுதினால், ஓரிடத்திற்கும் மற்றோரிடத்திற்கும் வேறுபாடுகள் புகுந்துவிடும். பின்னர் எது சரியென்று கூறவியலாது.

விரிவாக்கப் பணியாளர் இதற்கு நிகரான ஒன்றை அறிவர். 1960–61இல் தஞ்சாவூர் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களில் தொடங்கிய தீவிர விவசாய மாவட்டத் திட்டம் ‘பாக்கேஜ் திட்டம்’ என்றே வழங்கிற்று. விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு, கடன் ஆகியவற்றைத் தனித்தனியே அளிக்காமல் ஒருங்கே அளிப்பது அதன் கொள்கை. சிபாரிசுகள் பொதுவானவை, ஒவ்வொரு விவசாயியின் நிலத்துக்கும் ஏற்ற பண்ணைத் திட்டம் தனியாக வகுக்கப்பட்டது. ஹெல்மின் அடிப்படைக் கருத்தும் இதுவே.

பொதியின் உறுப்புக்கள்

ஹெல்ம் பொதிக்குச் சார்ட் என்று பெயர். அதன் முக்கிய உறுப்புக்கள் நான்கு. முதலாவது, பொதியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் கூறும் முகப்புக் கோப்பு. இரண்டாவது, வெற்றிடங்கள் விட்டு எழுதப்பட்ட மாதிரிப் படிவங்கள். மூன்றாவது, அவ்வெற்றிடங்களை நிரப்பும் மதிப்புக் கோப்பு. நான்காவது, இப்பொதி சார்ந்துள்ள பிற பொதிகள். படிவமும் மதிப்பும் சேர்ந்தே முழு விவரக் கோப்பு உருவாகிறது.

இவை யாமெல் என்னும் எழுத்துமுறையில் அமைந்தவை. இம்முறையில் வரியின் தொடக்கத்தில் விடப்படும் இடைவெளியும் பொருளுடையது. ஓர் இடைவெளி தவறினாலும் விவரம் வேறாகிவிடும்.

ஒரு பயிற்சி

ஜீவனஹள்ளியிலுள்ள ஒரு பயிற்சி நிலையம் வருகைப் பதிவு நிரலொன்றை நிறுவுகிறது எனக் கொள்வோம். அங்கே பயன்படுத்துவோர் 40 பேர். ஒரு பிரதி போதும். அதே நிரல் தலைமை நிலையத்தில் 4,000 பேருக்குத் தேவை. அங்கே 6 பிரதிகள் வேண்டும். பொதி ஒன்றே; மதிப்புக் கோப்புகள் மட்டும் இரண்டு.

‘இன்ஸ்டால்’ என்னும் கட்டளையால் நிரல் நிறுவப்படுகிறது. ஹெல்ம் அதற்குத் திருத்த எண் 1 இடுகிறது. ‘அப்கிரேட்’ கட்டளையால் அடுத்த பதிப்பு ஏறும்போது அது 2 ஆகிறது. மூன்றாம் திருத்தத்தில் நினைவக அளவு குறைவாகக் குறிக்கப்பட்டமையால் நிரல் நின்றுபோகிறது. அப்போது ‘ரோல்பேக்’ கட்டளையால் இரண்டாம் நிலைக்கு மீளலாம். அம்மீட்சியும் 4 என்னும் புதிய எண்ணுடன் பதிவாகிறது. தவறிய மூன்றாம் திருத்தம் பதிவேட்டிலிருந்து அழிக்கப்படுவதில்லை.

பொறுப்பும் அதிகாரமும்

ஹெல்ம் 2015இல் டீஸ் என்னும் நிறுவனத்தில் தோன்றியது. அதன் இரண்டாம் பதிப்பில், தொகுதிக்குள் டில்லர் என்னும் துணை நிரல் விரிந்த அதிகாரத்துடன் அமர்த்தப்படுவது வழக்கம். யார் கட்டளையிட்டாலும் டில்லரின் அதிகாரத்தால் அது நிறைவேறும் என்பது பெரிய குறையாயிற்று. 2019 நவம்பரில் வெளியான மூன்றாம் பதிப்பில் டில்லர் நீக்கப்பட்டது. அதன்பின், கட்டளையிடுபவருக்குத் தொகுதியில் எவ்வளவு அனுமதி உண்டோ அவ்வளவே நடைபெறும்.

பல நாடுகளுக்கு ஒரு பொதி

பெங்களூரிலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் 2018இல் தொடங்கிய மோசிப் என்னும் பணி இம்முறையின் பயனை நன்கு காட்டும். நாடுகள் தம் குடிமக்களுக்கு அடையாள எண் வழங்குவதற்கான திறந்த மூலத் தொகுப்பு அது. பிலிப்பைன்ஸ், மொராக்கோ ஆகிய நாடுகள் அதனை மேற்கொண்டுள்ளன. முன்பதிவு, பதிவுச் செயலாக்கம், அடையாள உறுதிப்பாடு எனப் பல பகுதிகளாகப் பிரிந்துள்ள அத்தொகுப்புக்கும் ஹெல்ம் பொதிகள் வெளியிடப்பட்டுள்ளன. மொழியும் சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடினும், பொது நிரலை மாற்றாமல் உள்ளூர் விவரங்களைத் தனியே வைக்க இது இடமளிக்கிறது.

மீளாதது எது?

பொதி நிர்வாகியின் எல்லையை அறிவது மிக முக்கியம். ‘ரோல்பேக்’ செய்யும்போது திரும்புவன விவரக் கோப்புகளே. தரவுத்தளத்தில் எழுதப்பட்ட தரவுகள் திரும்புவதில்லை. புதிய பதிப்பு தரவு அட்டவணையின் ஒரு பத்தியை நீக்கியிருந்தால், பழைய நிரல் மீண்டும் வந்து அப்பத்தியைத் தேடும், காணாது நிற்கும். மாணவரின் வருகையாயினும், குடிமகனின் பதிவாயினும், அழிந்ததை ஹெல்ம் மீட்டுத் தராது. தரவுக்குத் தனி நகல் எடுத்துவைத்தலே அதற்குரிய காப்பு.

மேலும், ‘நிறுவப்பட்டது’ என்று ஹெல்ம் அறிவிப்பதால் நிரல் இயங்குகிறது என்று கொள்ளலாகாது. காத்திருக்குமாறு தனியே பணித்தாலன்றி, விவரங்கள் தொகுதியிடம் ஒப்படைக்கப்பட்டன என்பதையே அச்செய்தி குறிக்கும்.

பணியாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. நிறுவுமுன், படிவமும் மதிப்பும் சேர்ந்த முழு விவரத்தை ‘டெம்ப்ளேட்’ கட்டளையால் வெளியிட்டுப் படித்துப் பார்க்கவேண்டும்.

2. பொதியின் பதிப்பு எண்ணைத் தவறாது குறிப்பிடவேண்டும். குறிப்பிடாவிடில், களஞ்சியத்திலுள்ள புதிய பதிப்பு தானே வந்துவிடக்கூடும்.

3. கடவுச்சொற்களைப் பலர் காணும் மதிப்புக் கோப்பில் எழுதலாகாது.

4. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன் தரவுத்தளத்தின் நகலை எடுத்து, அந்நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்று சோதித்தறிய வேண்டும்.

5. நிறுவிய நிரலைத் தொகுதியில் நேரடியாகக் கையால் திருத்தலாகாது. அத்தகைய திருத்தம் ஹெல்மின் பதிவேட்டில் ஏறாது. அடுத்த பணியாளர் அதனை அறியமாட்டார்.

6. ‘அன்இன்ஸ்டால்’ செய்தால், வேறாகப் பணித்தாலன்றி, திருத்த வரலாறும் நீங்கிவிடும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை நடத்தும்போது, மாணவரைக் கொண்டு ஒரே பொதிக்கு இரண்டு மதிப்புக் கோப்புகளை எழுதச் செய்து, வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தி, அதிலிருந்து மீளச் செய்வது நலம். பின்னர் தரவு அட்டவணையிலும் ஒரு மாற்றம் செய்து, எது திரும்பிற்று, எது திரும்பவில்லை என்பதை அவர்களே பட்டியலிடச் செய்யவேண்டும்.