மனமும் நோய்ப்படும்

காய்ச்சல் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடுகிறோம். ஆனால் மலைக்குப் போக மனமின்றி, சோறு பிடிக்காமல், விடியுமுன்னே விழித்து லயத்துக் கூரையைப் பார்த்துக் கிடப்பவரைச் 'சோம்பேறி' என்கிறோம். அல்லது 'செய்வினை' என்று பூசாரியைத் தேடுகிறோம். (பூசை முடிந்த கையோடு அங்கே போகிறவர்களும் உண்டு!) றொசல்லையிலும் இதே கதை, அட்டனிலும் இதே கதை.

இந்நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். கவலை வேறு, இது வேறு. கடன் தீர்ந்தால் கவலை போகும், மனச்சோர்வு போகாது. ஆண்களிடம் இது அழுகையாக அல்ல, கோபமாகவும் குடியாகவும் வெளிப்படுவதுண்டு. சாராயமோ நோயை வளர்க்கும்.

இறைவாக்கினர் எலியாவும் சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாக வேண்டுமென மன்றாடினார். வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. உறங்கவிட்டு, எழுப்பி, இருமுறை உணவளித்தார்.

1995-இல் நம் நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் மடிந்தனர். கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அவ்விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. காரணம், சாகும் எண்ணம் பலருக்குச் சிறிது நேரமே உச்சத்தில் நிற்கிறது. அந்நேரம் நஞ்சு கைக்கெட்டாவிட்டால் உயிர் தப்புகிறது; தப்பியவரில் மிகப் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியில் இறப்பதில்லை. ஆகையால், மரக்கறித் தோட்டத்து மருந்துப் போத்தலைப் பூட்டி வையுங்கள். "சாக நினைக்கிறாயா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் பிறக்காது, பாரம் இறங்கும். தற்கொலை முயற்சி குற்றமென்ற சட்டமும் 1998-இல் நீக்கப்பட்டது. பொலிசுக்குப் பயந்து எவரையும் வீட்டில் மறைத்து வைக்காதீர்கள்.

இப்படி ஒருவரை இழந்த குடும்பத்தார், சவப்பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுவரலாமா என்று இன்றும் தயங்குகிறார்கள். மனமறிந்து உயிர் மாய்த்தவருக்கு அடக்கத் திருச்சடங்கை 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு மறுத்தது உண்மையே. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த விலக்கு இல்லை. கடுமையான மனக்குழப்பம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றே மறைக்கல்வியும் போதிக்கிறது. தயங்காமல் கொண்டு வாருங்கள்.

"செபமா, மாத்திரையா?" என்று கேட்போரும் உளர். சீனி வருத்தத்துக்கு எவரும் இப்படிக் கேட்பதில்லையே! இரண்டும் வேண்டும். மாத்திரை வேலைசெய்யச் சில வாரங்கள் செல்லும். நான்கு நாளில் குணமில்லையென்று நிறுத்திவிடாதீர்கள். ஆதார வைத்தியசாலையில் மனநல வைத்தியரைக் கேளுங்கள். இரவில் துணையின்றித் தவிப்பவர், அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.