ஆற்றை மீட்ட ஊர்கள்: அர்வாரி நதியின் வரலாறு

ஆறு இயற்கையின் கொடை என்றும், மக்கள் அதனைப் பயன்படுத்தலாமேயன்றி ஆக்குதல் இயலாதென்றும் நாம் பொதுவாக எண்ணி வருகின்றோம். இராஜஸ்தானத்து அல்வர் ஜில்லாவிலுள்ள அர்வாரி என்னுஞ் சிற்றாற்றின் வரலாறு இவ்வெண்ணத்தைச் சிறிது மாற்றிக்கொள்ளச் செய்கின்றது. ஏறக்குறைய 45 கிலோமீட்டர் நீளமே உடைய அவ்வாற்றைப் பற்றியும், அதன் வரலாற்றினின்று எழும் ஒரு வினாவைப் பற்றியும் இவ்வியாசத்தில் ஆராயப் புகுகின்றோம்.

அல்வர், ஆரவல்லி மலைகளினிடையே கிடக்கும் நாடு. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழை பெய்யும்; அதிற் பெரும்பகுதி ஆடி முதற் புரட்டாசி வரையுள்ள சில வாரங்களுள் வீழ்ந்துவிடும். அதனைத் தேக்க அந்நாட்டு முன்னோர் கண்ட வழி ஜோஹட் எனப்படும். மலைச்சரிவின் அடியிலே, மேட்டிலிருந்து நீர் ஓடிவரும் பக்கத்தைத் திறந்துவிட்டு, எதிர்ப்புறத்தில் மண்ணாலுங் கல்லாலும் பிறைவடிவாகக் கரையிடுவர். பார்வைக்கு நம் ஏரியை ஒக்கும், பயனிலோ வேறுபாடுண்டு. நம் ஏரிக்கு மதகும் கால்வாயும் இன்றியமையாதன. ஜோஹட்டின் தலையாய தொழில் நீரை நிலத்தினுள் இறக்குதல். கோடையில் அது வறண்டு வெடித்துக் கிடப்பினும், அதன் கீழ்ப்புறத்துக் கிணறுகளில் நீர் நிற்கும். அவ்வாறு ஊறிய நீர் மிகுமாயின், சிறுகச் சிறுகக் கசிந்து ஆற்றுப்படுகையை அடையும். மழையற்ற மாதங்களில் ஓர் ஆறு ஓடுவதற்குக் காரணம் இக்கசிவேயாம்.

காலப்போக்கில் இம்முறை கைவிடப்பட்டது. மலைக்காடுகள் வெட்டுண்டன, மரமற்ற சரிவினின்று அரித்த மண் ஜோஹட்டுகளைத் தூர்த்தது, தூர்வாருவார் இலராயினர். 1980-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் கிணறுகளும் வற்ற, இளைஞர் கூலி தேடி நகரங்களுக்குச் சென்றனர்; மகளிர் குடத்தோடு நெடுந்தூரம் நடந்தனர். அர்வாரி மழைநாளில் மட்டும் நீர் காணும் மணற்றடமாயிற்று.

1985-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தருண் பாரத் சங்கத்தைச் சார்ந்த இளைஞர் ஐவர் அந்நாட்டுக் கிஷோரி என்னும் ஊரில் வந்திறங்கினர். அவருள் முதல்வர் இராஜேந்திர சிங். ஆயுர்வேதமும் இந்தி இலக்கியமும் பயின்றவர். (இலக்கியம் பயில்வாரால் உலகுக்கு என்ன பயன் என்று எம்மை வினவும் விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் இதனைக் குறித்துக்கொள்வாராக.) மருத்துவமும் கல்வியும் அளிப்பதே அவர் கருத்தாயிருந்தது. கோபால்புரத்து முதியவர் ஒருவரோ, தங்களுக்கு முதலில் வேண்டுவது நீரே என்று கூறி, தூர்ந்த ஜோஹட்டைத் தோண்டுமாறு பணித்தனர். தோண்டினர்; அடுத்து வந்த மழையில் அது நிரம்பக் கிணறுகளும் ஊறின. பக்கத்தூரார் அதனைக் கண்டு தம் ஊர்களிலும் தொடங்கினர். ஊர் கூடி முடிவு செய்யாத இடத்தில் வேலை தொடங்குவதில்லை என்பதும், செலவில் ஒரு பங்கை ஊராரே உழைப்பாகவும் பொருளாகவும் தருதல் வேண்டுமென்பதும் அவர்கள் கொண்ட முறை.

ஆற்றின் தலைப்பகுதியிலுள்ள பாவுந்தா-கோல்யாலா என்னும் ஊரார் நீரோடு காட்டையும் காக்கத் துணிந்தனர். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் வரம்பிட்டனர். மலைக்காட்டின் ஒரு பகுதியைத் தாமே விலங்குகளுக்குரிய சரணாலயமாக அறிவித்தனர். சங்கத்தார் மரங்களுக்கு இராக்கி கட்டுவித்து, உடன்பிறந்தாரைப் போலப் பேணுமாறு ஊராரைத் தூண்டினர். அண்மையிலுள்ள சரிஸ்கா வனத்திற் கற்சுரங்கம் தோண்டுதலை எதிர்த்து அச்சங்கம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியதும் இதன் தொடர்ச்சியே.

நீர்ப்பிடிப்பு முழுவதும் நூற்றுக்கணக்கான கரைகள் எழுந்தபின், 1990-இல் மழைக்காலங் கழிந்தும் அர்வாரியில் நீரோட்டம் காணப்பட்டது. 1995-ஆம் ஆண்டளவில் ஆண்டு முழுதும் ஓடியது. நீர் வரவே மீனும் வந்தது. மீன் வரவே வழக்கும் வந்தது. மீன்பிடிக்கும் உரிமையை அரசாங்கத்தார் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டனர். ஆறு வறண்டிருந்தபோது கேட்பாரின்றிக் கிடந்த உரிமை, ஊரார் உழைப்பால் நீர் வந்தபின் எங்கிருந்து எழுந்தது? ஊரார் எதிர்த்து நிற்கவே குத்தகை நீக்கப்பட்டது. எனினும், ஆறு யாருடையது என்னும் வினா தீரவில்லை.

அவ்வினாவுக்கு அவர்கள் அளித்த விடை அர்வாரி சன்சத், அஃதாவது அர்வாரி நாடாளுமன்றம். 1999-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் ஹமீர்புரத்தில் அமைந்த இம்மன்றத்தில் ஏறக்குறைய 70 ஊர்களின் உறுப்பினர் இருந்தனர். கரும்பும் நெல்லும் பயிரிடலாகாது. ஹோலிப் பண்டிகைக்குப்பின் ஆற்றினின்று நேரே நீர் இறைத்தலாகாது. சுரங்கம் தோண்டலாகாது என்பன அதன் விதிகளிற் சில. 2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குடியரசுத்தலைவர் கே. ஆர். நாராயணன் அங்கு நேரிற் சென்று பாவுந்தா-கோல்யாலா ஊராருக்குப் பரிசளித்தார். இராஜேந்திர சிங் 2001-இல் மக்ஸேஸே விருதும், 2015-இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசும் பெற்றார். ஊருக்கென்றே அளிக்கப்பட்ட முதற் பரிசையே யாம் பெரிதாக மதிக்கின்றோம்.

புகழ்ச்சி மட்டும் ஆராய்ச்சியாகாது. 476 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நீர்ப்பிடிப்பை அளந்தாய்ந்த நீரியலார், பெய்யும் மழையில் ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு இக்கரைகளால் நிலத்தில் இறங்குகின்றது எனக் கண்டனர். கரைகள் மிக மிகக் கீழ்நோக்கி ஓடும் வெள்ளம் குறையும் என்பதும் அவர் முடிபு. ஆகவே மேலூரார் தேக்கும் அளவு கீழூராரையும் தாக்கும். நிலத்தில் இறங்கியதனை மிகுதியாக இறைப்பின் ஆற்றுக்கு ஒன்றும் எஞ்சாது. கரை கட்டுவதினும் இறைப்பதை அடக்குதல் அரிதென்பது இதனாற் புலனாம்.

உத்தரமேரூரிற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. அவ்வாரியத்துக்கு அரசாணையின் துணை இருந்தது. அர்வாரி மன்றத்துக்கோ சட்டத்தின் துணை இல்லை. ஹோலிக்குப் பின்னர் ஆற்றில் இயந்திரம் வைத்து நீர் இறைக்கும் ஒருவனைத் தடுக்க அம்மன்றத்தார்க்கு வாய்த்த கருவி, அவன் அயலார் கூடியிருந்து சொல்லுஞ் சொல் ஒன்றே.