எல்ஆர்: எங்கே போடலாம், எங்கே கூடாது

ஐபிஎம் ஐ-யில் ஆர்பிஜி எழுதும் பலர், எந்தப் புரோகிராமானாலும் கடைசியில் எல்ஆர் இண்டிகேட்டரை ஆன் செய்துதான் ரிட்டர்ன் கொடுப்பார்கள். மெனுவிலிருந்து ஒருமுறை ஓடி முடிவதற்கு அது சரி. ஒரே ஜாபில் ஆயிரக்கணக்கான முறை அழைக்கப்படும் சின்னப் புரோகிராமில் அது வேகத்தைத் தின்றுவிடும்.

இரவு இன்வாய்ஸ் ஓட்டம் ஒன்றில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் விலை தேடித் தரும் புரோகிராம் தனியாக அழைக்கப்படும். ஜாபின் திறந்த ஃபைல்கள் பட்டியலை, டபிள்யூஆர்கேஜாபில் 14 போட்டு, எஃப்5 தட்டித் தட்டிப் பார்த்தால் விலை மாஸ்டர் வரும், மறையும், மறுபடி வரும். அதன் ஐ/ஓ கணக்கு ஏறவே இல்லை. செயின் போட்டு ஒரு ரெக்கார்டை எடுப்பது சல்லிசான வேலை. எல்ஆர் ஆனாக இருப்பதால் ஒவ்வொரு அழைப்பிலும் ஃபைலைத் திறந்து மூடுவதுதான் செலவு. எல்ஆரை எடுத்துவிட்டு வெறும் ரிட்டர்ன் வைத்ததும் ஃபைல் திறந்தே நின்றது, கணக்கு மளமளவென ஏறியது, ஓட்டமும் சீக்கிரம் முடிந்தது.

ஆனால் அதை மட்டும் எடுத்தால் போதாது. வேரியபிள்கள் பழைய மதிப்போடு காத்திருக்கும். தள்ளுபடி ஃபைலில் செயினுக்கு ரெக்கார்டு கிடைக்காவிட்டால் ஃபீல்டுகள் மாறாது; முந்தைய வாடிக்கையாளரின் தள்ளுபடி அடுத்தவர் பில்லில் ஏறிவிடும். ஐஎன்இசட்எஸ்ஆரை நம்பாதீர்கள், எல்ஆர் இல்லாதபோது அது முதல் அழைப்பில் மட்டுமே ஓடும். அழைப்பின் தொடக்கத்திலேயே கிளியர் போடுங்கள், ஃபவுண்டைச் சோதியுங்கள். அப்டேட்டுக்குத் திறந்த ஃபைலை வெறுமனே படித்தால் ரெக்கார்டு பூட்டியே கிடக்கும். அங்கே செயினோடு ‘என்’ (N) எக்ஸ்டெண்டர் சேருங்கள்.

எல்ஆர் இல்லாததால் திறந்தே நிற்பவற்றைச் சுத்தம் செய்யும் பொறுப்பை ஓட்டத்தைத் தொடங்கும் சிஎல் புரோகிராமிடம் கொடுப்பேன். மெயின் புரோகிராமுக்குப் பெயருள்ள ஆக்டிவேஷன் குரூப், அழைக்கப்படுபவற்றுக்கு ஸ்டார்-காலர், எல்லாம் முடிந்ததும் ஆர்சிஎல்ஆக்ட்ஜிஆர்பி. குரூப்பில் ஏதாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கமாண்ட் வேலை செய்யாது என்பதால், அதைக் குரூப்புக்கு வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். டீஃபால்ட் குரூப்பையும் இதனால் அழிக்க முடியாது. லூப்பில் அழைக்கப்படுவதற்கு ஸ்டார்-நியூ கொடுத்தால் ஒவ்வொரு முறையும் குரூப்பே பிறந்து அழியும், எல்ஆரைவிட மோசம். எஸ்க்யூஎல் கலந்த புரோகிராமென்றால் சிஎல்ஓஎஸ்க்யூஎல்சிஎஸ்ஆர் எப்படி இருக்கிறதென்று பாருங்கள். அது எண்ட்மாட் என்றிருந்தால், எல்ஆரை எடுத்தாலும் கர்சர்கள் ஒவ்வொரு அழைப்பிலும் மூடப்படும். எண்ட்ஆக்ட்ஜிஆர்பி என்று மாற்றி மறுபடி கம்பைல் செய்யுங்கள்.