நாலாவது தட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் நீ எடுத்த படங்களை முழுக்கப் பார்த்துவிட்டேன். கூர்மையில் குறையில்லை. ஆனால் முக்கால்வாசிப் படங்களில் குதிரை ஓடவில்லை, நொண்டுகிறது.

காரணம் உன் விரல். விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமரா இருக்கிறதே என்று அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறாய். முழு ஓட்டத்தில் குதிரை விநாடிக்கு இரண்டு எட்டுக்கு மேல் வைக்கும். அப்போது ஓர் எட்டுக்கு நாலைந்து படம்தான் தேறும். நல்ல தருணம் இரண்டு படங்களுக்கு நடுவே நழுவிவிடும்.

கொஞ்ச நேரம் கேமராவை இறக்கிவிட்டுக் காதால் கேள். நாலுகால் பாய்ச்சலில் நாலு குளம்பும் அடுத்தடுத்துத் தட்டும். பிறகு ஒரு சிறு நிசப்தம். அந்த நிசப்தத்தில்தான் குதிரை அந்தரத்தில் இருக்கிறது. கால்கள் நாலும் வயிற்றுக்கடியில் சுருண்டிருக்கும். 1821இல் ஓவியர் ழெரிக்கோ தீட்டிய எப்சம் பந்தய ஓவியத்தில் குதிரைகள் முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டிப் பறக்கும். அப்படி எந்தக் குதிரையும் ஓடுவதில்லை என்பதை 1878இல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் கேமராக்களை வரிசையாக நிறுத்திக் காட்டினார். நீ நாலாவது தட்டு விழும்போதே அழுத்து. நிசப்தம் வந்த பிறகு அழுத்தினால் குதிரை அடுத்த எட்டுக்குப் போயிருக்கும்.

ஷட்டர் வேகம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வேண்டாம். குதிரையோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பதானால் அறுபதில் ஒரு பங்கு போதும். பந்தலும் கூட்டமும் கோடுகளாக இழுபடும், முகம் மட்டும் நிற்கும். நூறு எடுத்தால் இரண்டு தேறும், மனம் விட்டுவிடாதே. நுக்ரா வெள்ளைக் குதிரைக்கு உச்சி வெயிலில் ஒளியை ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள், இல்லையென்றால் தோல் வெறும் காகிதமாகிவிடும். ஆடிக் காற்றில் அங்கே புழுதி பறக்கும். திடலில் நின்று லென்ஸைக் கழற்றாதே.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். உன் வயதில் நான் ஒரு நாட்டியக் குதிரையின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்தேன். அது முன்னங்கால் தூக்கி நின்றுவிட்டது. மேலே இருந்த பையன் பிடரி மயிரைப் பிடித்துத் தொங்கித் தப்பினான். குதிரைக்காரர் என்னைத் திட்டவில்லை. கடிவாளத்தைத் தளர்த்தி, அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தக் கையைக்கூட நான் படம் எடுக்கவில்லை.

நிற்கும் குதிரையின் காதைப் பார்த்துக்கொள். மார்வாரி இனக் குதிரைக்கு இரண்டு காது நுனியும் வளைந்து ஒன்றையொன்று தொடும். அவை பின்னுக்கு மடிந்து படுத்தால் நீ விலகிவிடு. பின்புறமாகப் போகவே போகாதே, அங்கே லாடத்துக்குத்தான் முதல் மரியாதை.

இன்னொன்று. வாங்க வருகிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், பிறகு சுழியைத் தேடுவார், கடைசியில் ஓட்டிக் காட்டச் சொல்வார். குதிரையும் ஆளும் முழு மூச்சோடு ஓடுவது அந்த ஓட்டத்தில்தான். காலையிலேயே போய் அந்தப் பாதையோரம் முழங்காலிட்டு உட்கார்ந்துகொள். கேமரா குதிரையின் மார்பு உயரத்துக்கு வந்துவிடும்.

நீ எடுத்ததில் ஒன்று எனக்குப் பிடித்தது: சேணமில்லாமல் கறுப்புக் குதிரையில் வரும் அந்தப் பெரியவர். எட்டுக்குப் பன்னிரண்டில் பிரிண்ட் போட்டு அடுத்த ஆடிக்கு எடுத்து வா, அவரிடம் கொடுப்போம். படத்தில் அவர் முதலில் குதிரையின் கால்களைத்தான் பார்ப்பார். என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்.

அன்புடன்,
அண்ணன்