பொதுத் தோட்டமும் நீர்ப் பதிவேடும்

திருமலையில் இராமாநுசரின் சீடர் அனந்தாழ்வார் அமைத்த நந்தவனம் பற்றி வைணவ மரபில் ஒரு செய்தி உண்டு. செடிகளுக்கு நீர் வேண்டி ஏரி வெட்டியபோது அவரும் அவர் மனைவியாருமே மண் சுமந்தனராம். உதவ முன்வந்தவரை அவர் ஏற்கவில்லை. தனியொருவர் பேணும் தோட்டத்துக்கு விதிமுறை தேவைப்படுவதில்லை. இருபது குடும்பங்கள் கூடிப் பொது நிலத்தில் காய்கறி பயிரிட முற்படும்போதுதான் யாருக்கு எவ்வளவு நீர், வேலியைக் காப்பவர் யார் என்னும் வினாக்கள் எழுகின்றன.

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் முதல் வினா நீரே. இங்குப் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். மழைநீர் சிதைந்த மேற்பாறையிலும் பிளவுகளிலும் மட்டுமே தங்கும். ஒருவர் தம் ஆழ்துளைக் கிணற்றை ஆழப்படுத்தினால் அண்டையாரின் கிணறு வற்றக்கூடும். ஆந்திரப் பிரதேச நீர், நிலம், மரங்கள் சட்டம் 2002ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஆயினும் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது.

சித்தூர் உள்ளிட்ட ஏழு வறட்சி மாவட்டங்களில் 2003ஆம் ஆண்டு முதல் செயற்பட்ட உழவர் நிலத்தடி நீர் மேலாண்மைத் திட்டம் வேறு வழியைக் கையாண்டது. உழவர்களே மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்தனர். ராபி பருவத்துக்கு முன் ஊர் கூடி, இருக்கும் நீருக்கும் விதைக்க எண்ணும் பயிருக்கும் கணக்கிட்டனர். எந்தப் பயிருக்கும் தடை விதிக்கப்படவில்லை. கணக்கைக் கண்டவர் தாமே முடிவு செய்தனர்.

பின்னர் ஆய்வாளர்கள் ஆந்திரச் சிற்றூர்களில் ஒரு விளையாட்டை நடத்தினர். ஐவர் அமர்ந்து, குறைந்த நீர்ப் பயிரையோ மிகுந்த நீர்ப் பயிரையோ தேர்வர். ஒவ்வொரு சுற்றிலும் பொது நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்பது காட்டப்படும். இறுதியில் ஊரார் கூடிக் கலந்துரையாடுவர். விளையாட்டு நடந்த ஊர்கள் ஏனைய ஊர்களைவிட மிகுதியாக நீர்ப் பதிவேட்டையும் விதிகளையும் ஏற்றன என 2018இல் வெளியான ஆய்வு காட்டிற்று. விளையாட்டைவிட அதன் பின் நிகழ்ந்த பேச்சே பயனளித்தது என்பது நம் கருத்து.

தோட்டத்துக்கும் இது பொருந்தும். பொதுவளங்களை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில், நெடுநாள் நிலைத்த அமைப்புகளில் தண்டனை படிப்படியாக உயர்வதைச் சுட்டினார். தன்னார்வலரைக் கூலியாளைப் போல் நடத்தலாகாது. முறை தவறியவர் பெயரை முதலில் பதிவேட்டில் குறித்தல், அடுத்து ஈடாக ஒரு நாள் உழைப்பு, அதன் பின்னரே நீர்முறை குறைப்பு என்னும் வரிசை தகும்.

இங்கு ஓர் இடர் உண்டு. எல்லோரும் வாரம் ஒரு காலை வரவேண்டும் என்னும் விதி பார்வைக்குச் சமமானது. நிலமுடையவருக்கு அது ஒரு காலைப் பொழுது, கூலிப் பெண்ணுக்கோ ஒரு நாள் ஊதியம். மாலைநேரப் பணியும், வீட்டாரில் எவரேனும் ஈடாக வரலாம் என்னும் இசைவும் இல்லையெனில், தோட்டம் யாருக்குப் பெரிதும் தேவையோ அவர்களே முதலில் விலகுவர். ஆகவே விதி எழுதும் கூட்டத்தைக் கூலி வேலை முடிந்தபின் கூட்டுதல் நன்று.

நிலத்தின் அனுமதிக் காலத்தை ஊராட்சியிடம் எழுத்தில் பெறுதல் வேண்டும். பதிவேட்டில் நாள், மோட்டார் ஓடிய நேரம், நீர் பெற்ற பாத்தி, முறைக்காரர் பெயர் ஆகிய நான்கு பத்திகள் போதும். கோடைக்கு எத்தனைப் பாத்திகளைத் தரிசாக விடுவது என்பதை மாசி மாதக் கூட்டத்திலேயே முடிவு செய்தல் வேண்டும். பங்குனியில் கத்தரி வாடத் தொடங்கியபின் அக்கூட்டத்தை நடத்துதல் அரிது.