நம் மண்ணுக்கேற்ற கத்தரி விதை

இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இன்றிக் காய்கறி பயிரிட முன்வரும் அங்கத்தினர்கள் முதலில் கருத வேண்டுவது விதையையே. கடைகளில் விற்கும் வீரிய ஒட்டு விதைகளுட் பல, அவ்வுரமும் மருந்தும் தாராளமாகப் பெற்ற வயல்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. தொழுவுரம் மெல்ல அளிக்கும் சத்தைத் தேடி உண்ணும் வேர்வலிமை செடிக்கு உண்டா என்பது அவ்வயலில் வெளிப்படாது. மேலும், ஒட்டுச் செடியின் விதை தாயைப் போல் ஒரே சீராக விளையாது. ஆகவே ஒவ்வொரு பருவமும் விதைக்குப் பணம் தேட வேண்டியதாகிறது.

நாமே விதை பொறுக்குவது இயலாத காரியமன்று. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம். 1 என்னும் கத்தரி, குளத்தூர் நாட்டுக் கத்தரியிலிருந்து பொறுக்கப்பட்டதே. முட்டை வடிவமும் பால்வெண்மையும் உடைய அதன் காய்கள், கொத்துக்கு இரண்டு முதல் நான்கு வரை காய்க்கும். அது இயற்கை வேளாண்மைக்கெனப் பொறுக்கப்பட்டதன்று. எனினும் பொறுக்கும் வழி அதுவே.

தென்காசி மாவட்டம் முழுவதற்கும் ஒரே விதை பொருந்தாது. குற்றாலத்தை அடுத்த ஊர்களில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரலால் இலை ஈரம் காயாது. அங்கே பூசண நோயைத் தாங்கும் செடி தேவை. கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் சாரல் குறைவு. அங்கே வறட்சி தாங்க வேண்டும். எனவே அந்தந்த நிலத்திலேயே பொறுக்குதல் முறை.

செய்முறை வருமாறு: முதற் பருவத்தில் நாட்டுக் கத்தரி இருநூறு செடிகளைத் தொழுவுரம் மட்டும் இட்டு வளர்க்கவும். சிற்றிலை நோய் கண்ட செடியை உடனே பிடுங்கி அழிக்கவும். செழித்த இருபது செடிகளில், மலருமுன் சில மொட்டுகளுக்கு மெல்லிய துணிப்பை கட்டவும். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பினும், வண்டுகள் அயல் மகரந்தத்தைக் கொணர்தல் உண்டு. இப்பைகளுக்கு நம் நெசவாளர் தறித்துண்டுகளே போதும். பிஞ்சு பிடித்ததும் பையை நீக்கிக் காம்பில் வண்ணநூல் கட்டுக.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். கத்தரிக்கோ கடைசிப் பறிப்புவரை காத்திருக்க வேண்டும். காய்துளைப்பான் சேதம் குறைந்து, இறுதிவரை காய்த்து, சுவையும் நன்றாயுள்ள பத்துச் செடிகளை மட்டும் நிறுத்துக. நூல் கட்டிய காய்கள் மஞ்சளாய்ப் பழுத்தபின் விதையெடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, செடிவாரியாகத் தனித்தனியே வைக்கவும்.

அடுத்த பருவத்தில் ஒரு செடியின் விதைக்கு ஒரு வரிசை என நடவும். தாழ்ந்த வரிசைகளை முழுவதும் விலக்கி, சிறந்தவற்றுள் மீண்டும் பொறுக்குக. ஐந்தாறு பருவங்களில் குணம் நிலைபெறும். பழைய கலப்பு விதையிலும் சிறிது காத்து வைத்தல் நன்று. எல்லாச் செடியும் ஒன்றேயாயின், ஒரு நோயே அனைத்தையும் கொண்டுபோகும்.

2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்கு உரிமை அளிக்கிறது. பதிவுபெற்ற இரகத்தை முத்திரைப் பெயரிட்டு விற்பதே கூடாது.

ஒருவர் வயலில் ஒருமுறை பொய்க்கும் மழை, பல பருவத்து உழைப்பை அழித்துவிடும். பத்து அங்கத்தினர் பத்து ஊர்களில் பயிரிட்டுக் குறிப்பேடு வைத்தால் விதை தப்பும். கூட்டுறவின் பயன் இதுவன்றோ?