பெர்மிட் சொல்லிக்கொடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

பிளான்ட்டில் பராமரிப்புக்காக ஷட்டவுன் வந்தால் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டைப் பற்றிப் பாடம் எடுக்க, புதிதாகச் சேர்ந்த சேஃப்டி ஆபீசர்களைத்தான் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். இது அவர்களுக்கு.

1. வகுப்பறையில் அரை மணி நேரம் போதும். பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பிளான்ட்டுக்குள் போங்கள். நிரப்பிய பெர்மிட் ஒன்றை ஒருவர் கையில் கொடுத்து, “இதுல எழுதியிருக்கிற பம்பைத் தொட்டுக் காட்டுங்கண்ணே” என்று கேளுங்கள். 101 ஏ, 101 பி இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் நிற்கும். போன வருஷம் பெயிண்ட் அடித்தவர் நம்பர் தகட்டின் மேலேயும் ஒரு கோட் இழுத்துவிட்டுப் போயிருப்பார். ஆள் தடுமாறுவார். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

2. உங்கள் அப்பா வயதுள்ள வெல்டருக்குத் தீப்பொறியின் ஆபத்தை விளக்காதீர்கள். அவரைச் சொல்லவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள்.

3. படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். ஃபிட்டர் கடலூர்க்காரர், ஹெல்பர் ஜார்கண்டிலிருந்து வந்தவர். “புரிஞ்சுதா?” என்றால் எல்லாத் தலையும் ஆடும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இந்த லைனில் என்ன ஓடுகிறது, எங்கே அடைத்திருக்கிறார்கள், எதைப் பார்த்தால் வேலையை நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். பதில் அவரவர் மொழியில், சொந்த வார்த்தையில் வர வேண்டும். மேஸ்திரி முந்திக்கொண்டு பதில் சொன்னால், அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

4. கேஸ் மீட்டரில் வரும் எண்ணை, தொட்டிக்குள் இறங்குகிறவருக்கும் படிக்கத் தெரிய வேண்டும். நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது, 23.5க்கு மேலே போனாலும் கூடாது. முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, பிறகு நச்சு வாயு. எரியும் வாயுவை அளக்கும் வழக்கமான சென்சார் சரியாக வேலை செய்யவே ஆக்சிஜன் வேண்டும், அதனால்தான் இந்த வரிசை. பலர் குழாயை மேன்ஹோல் வாயில் நீட்டிய கையோடு இழுத்துவிடுவார்கள். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் நிறுத்தி, குழாய் நீளத்துக்குத் தகுந்தபடி காத்திருந்து படிக்கப் பழக்குங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று மூக்கை நம்புகிறவர்கள் உண்டு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். காலையில் எடுத்த அளவை வைத்துச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்க விடாதீர்கள்.

5. தொட்டிக்குள் ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார், அவரும் போய்விடுவார். உள்ளே தங்கியிருப்பது நைட்ரஜன் என்றால் அதற்கு வாசனை கிடையாது, மூச்சு முட்டுகிற உணர்வும் வராது. வெளியே காவல் நிற்பவர் உள்ளே போகக் கூடாது என்று வாயால் சொன்னால் மனதில் நிற்காது. பழைய கவர்ஆலில் மண்ணை நிரப்பி உள்ளே கிடத்திவிட்டு, “ஆள் விழுந்துட்டான்” என்று கத்திப் பாருங்கள். யார் மேன்ஹோலுக்கு ஓடுகிறார், யார் ரேடியோவை எடுக்கிறார் என்று பார்த்த பிறகு காவலுக்கு ஆள் போடுங்கள்.

6. ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குத் தனி வகுப்பு வையுங்கள். வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று ஒரே பம்புக்கு இரண்டு பெர்மிட் இருந்தன. ஒன்று பம்பைப் பராமரிக்க, மற்றொன்று அதன் பாதுகாப்பு வால்வைச் சரிபார்க்க. வால்வைக் கழற்றி, அந்த வாயைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். வேலை முடியவில்லை. இரவில் பக்கத்துப் பம்ப் நின்றுபோனது. வால்வைக் கழற்றியிருப்பது இரவு ஷிஃப்ட்டுக்குத் தெரியாது, வால்வு இல்லாத பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்து 167 பேர் செத்தார்கள். நிறுத்திவைத்த பெர்மிட்டுகள் கண்ட்ரோல் ரூமில் இல்லாமல் வேறு அறையில் இருந்தன, ஒரு பெர்மிட்டில் மற்றதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இதைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அதேபோல் இரண்டு சீட்டு எழுதி, ஒன்றை மட்டும் ஒரு குழுவிடம் கொடுத்து, “பம்பை ஓட்டலாமா?” என்று கேளுங்கள். “இன்னொரு சீட்டு இருக்கா?” என்று யாராவது கேட்கிறவரை விடாதீர்கள்.

7. இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டும்போது அவரவர் பூட்டு, அவரவர் சாவி. பூட்டியபின், ஓடவில்லை என்று உறுதிசெய்ய ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும்.

8. சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு என்று தினக்கூலிக்காரரிடம் சொல்வது எளிது. நிறுத்தினால் அன்றைய கூலி வருமா என்பதுதான் அவர் மனதில் ஓடும். கூலி பிடிக்கமாட்டோம் என்று மேனேஜரும் கான்ட்ராக்டரும் அவர்கள் முன்னால் வந்து சொல்லட்டும். அதற்கு அவர்கள் வரமாட்டார்கள் என்றால் இந்தப் பாடத்தை எடுக்காதீர்கள், உங்கள் மீதுள்ள நம்பிக்கையும் போய்விடும்.

9. பெர்மிட்டை மூடுவதற்குத்தான் யாருக்கும் பொறுமை இருக்காது. சாயங்காலம் கம்பெனி பஸ் கிளம்பும் நேரத்தில் பத்துச் சீட்டைக் கட்டாக நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். வெல்டிங் நடந்த இடமென்றால் கடைசித் தீப்பொறிக்குப் பிறகு குறைந்தது அரை மணி நேரம் ஃபயர் வாட்ச் நிற்க வேண்டும், ஒரு மணி நேரம் கேட்கும் இடங்களும் உண்டு. அதனால் வெல்டிங்கை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதைப் பஸ் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, காலையிலேயே பெர்மிட்டில் எழுதப் பழக்குங்கள்.